கால் வைக்கிற அளவுக்குப் புல்

ஆகஸ்ட் 18

பல் கட்டுகிற மகாராணிக்கு,

உன் அக்கா போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். போன வாரம் நான் கூப்பிட்டபோது அவர்தான் எடுத்தார். "போன்ல நீங்க ரெண்டு பேரும் பேசினா என் வீட்டுச் சுவரு இடிஞ்சு விழுந்துடும். எழுதித் தொலைங்க" என்று போனை வைத்துவிட்டார். எனக்குக் கடிதமெல்லாம் எழுத வராது என்று உனக்கே தெரியும். லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு "கயிறு மாற்றியாச்சு, ஓடுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் இலக்கியம்.

சேதி இதுதான். வீட்டுக்கு முன்னால் இருக்கிற புல்தரையை ஒழித்துக்கட்டிவிட்டேன். பாதி பாசி, பாதி களை, நடுவில் வழுக்கை, அதைப் புல் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது. களைக்கொல்லி அடித்தேன். முழுக்கப் பழுத்துப் பழைய பாய் மாதிரி கிடக்கிறது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பஸ் டிரைவர் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு, "என்னப்பா, இப்படி மொட்டை அடிச்சிட்ட?" என்று கேட்டார். "மறுபடி முளைக்கத்தான் சார்" என்றேன்.

இனி சுரண்டி, கிளறி, மட்டம் பண்ணி, புது விதை தூவப் போகிறேன். ஓரத்தில் ஒட்டுப் போடுகிற வேலை இல்லை, அடியிலிருந்து புதுசாக.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, கேட்டுவிடுகிறேன். புல் வந்ததும் ஒரு தடவை வா. வந்து பார். இருப்பதா, திரும்பிப் போவதா என்று அப்புறம் நீயே சொல். அதுவரை வா வா என்று உன் உயிரை எடுக்க மாட்டேன்.

லிஃப்ட்காரன்


ஆகஸ்ட் 27

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அந்தப் புல் முழுக்க ஒன்றும் கெட்டுப் போகவில்லை. ஜன்னல் பக்கம் இருந்தது நன்றாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் களை மருந்து போட்டு, வழுக்கை விழுந்த இடத்தில் குனிந்து குனிந்து ஒட்டுப் போட்டது யார்? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தள்ளிவிட்டு டீ கேட்பீர்கள், அவ்வளவுதான். ஆனால் ஒழிக்க வேண்டும் என்றால் மட்டும் எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்துவிடுகிறது.

இதைப் புல்லுக்காக எழுதுகிறேன் என்று நினைக்க மாட்டீர்கள். நினைத்தால் நன்றாக ஞாபகப்படுத்துகிறேன். போன வருஷம் எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது நம் குழந்தை இறந்து பிறந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்தபோது அந்தச் சின்ன அறையில் தொட்டில் இல்லை. துணி இல்லை. சுவருக்குப் புது வெள்ளை, நடுவில் இஸ்திரி மேஜை. ஒரு காலுறை கூட மிச்சம் வைக்கவில்லை நீங்கள். அந்தத் துணியெல்லாம் நான் துவைத்து மடித்து வைத்தது. நானே பிரித்துப் பார்த்து, நானே அழுது, நானே மூட்டை கட்டியிருப்பேன். அந்த வேலை என்னுடையது. கேட்காமல் செய்துவிட்டு, பெயின்ட் வாசனை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தீர்கள். அந்த வீட்டில் அதற்கப்புறம் எத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அக்கா இதைப் படித்துவிட்டு, "கடைசியா ஒரு நல்ல வார்த்தை போடுடி" என்கிறாள். போடுகிறேன். வருவேன் என்று சொல்லவில்லை. வரவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கால் வைக்கிற அளவுக்குப் புல் வந்தால் எழுதுங்கள். வந்து பார்க்கிறேன்.

குளிருக்கான துணியெல்லாம் அங்கே இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகிற ஒரு நாளில் வந்து எடுத்துக்கொள்கிறேன். என்ன நாள் என்று எழுதுங்கள். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தீர்களானால் வாசலோடு திரும்பிவிடுவேன்.

நான்


செப்டம்பர் 4

உன் கடிதத்தை லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் படிக்கத் தைரியம் வரவில்லை.

அந்த அறையைப் பற்றி நான் என்ன சொல்ல? நீ அதைப் பார்த்தால் உடைந்து போவாய் என்று நினைத்தேன். உன் கண்ணிலேயே படக் கூடாது என்றுதான் அவசர அவசரமாகச் செய்தேன். நல்லதுதானே நினைத்தேன்? கெட்ட எண்ணம் இருந்தால் சொல். இத்தனை நாளாகியும் நீ அதையே பிடித்துக்கொண்டிருப்பது எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி நடிக்கவும் வரவில்லை. என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை. நீ அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் அந்த மேஜையில் துணியை வைத்து இஸ்திரி போட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, விடு. மண்ணைப் பற்றி எழுதுகிறேன், அதுதான் வாய்க்குச் சுலபமாக வருகிறது.

செத்த புல்லை ஒட்ட வெட்டி, வாரி வாரி எடுத்ததில் இடுப்பு போயே போச்சு. ஏழு மாடிக்குக் கயிறு ஏற்றுகிறவன் நான், இந்தக் கைப்பிடி அளவு நிலத்தில் மூச்சு வாங்குகிறேன். பள்ளத்தில் எல்லாம் நல்ல மண் போட்டு நிரவினேன். பலகையைப் போட்டு இழுத்து மட்டம் பார்த்தேன். மட்டம் பார்ப்பதில் மட்டும் என்னைக் குறை சொல்ல முடியாது, லிஃப்ட்காரன் வேலை அது. விதையை மணலோடு கலந்து, ஒரு தடவை நீளவாக்கில், ஒரு தடவை குறுக்கே தூவினேன். விதைக் கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். மேலே பொடி மண் சலித்துப் போட்டு, டிரைவர் சாரிடம் உருளை வாங்கி உருட்டியாகிவிட்டது. காலையில் ஒரு தடவை, வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை, பூவாளியில் தண்ணீர். குழாய் வேண்டாம், விதை ஓடிவிடும்.

வியாழக்கிழமை பகல் முழுக்க வெளியே வேலை. வா. நான் இருக்க மாட்டேன், சத்தியம். மண்ணுக்குக் குறுக்கே பலகை போட்டு வைக்கிறேன், அதன் மேல் நடந்து வா.

லி.


செப்டம்பர் 13

வியாழக்கிழமை வந்தேன். துணி எடுத்துக்கொண்டேன். பச்சைக் கம்பளி மட்டும் கிடைக்கவில்லை, போகட்டும்.

சமையலறை சுத்தமாக இருக்கிறது. யாரோ வந்து கழுவிக் கொடுக்கிறார்களா என்று சந்தேகமாக இருந்தது. பாத்திரத்தின் அடியைப் பார்த்தேன், கரி அப்படியே இருந்தது. இல்லை, நீங்களேதான்.

மண் நன்றாக வந்திருக்கிறது. இந்த அளவுக்குச் செய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. காய்ந்திருந்தது, கொஞ்சம் தண்ணீர் விட்டேன். இதைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

அந்த அறைக்குள்ளும் போனேன். கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே நிற்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் பிரச்சினையே. வெளியே வந்து பஸ் பிடித்தேன்.

நான்


செப்டம்பர் 23

நீ தண்ணீர் விட்டாயா!

பெரிதுபடுத்தாதே என்று எழுதியிருக்கிறாய், சரி, பெரிதுபடுத்தவில்லை. டிரைவர் சாரிடம் மட்டும் சொன்னேன். அவர் மனைவியிடம் அவர் சொல்லியிருப்பார். அதற்கு மேல் தெருவில் யாருக்குத் தெரிந்தாலும் நான் பொறுப்பு இல்லை.

உன் பச்சைக் கம்பளி என் அலமாரியில் இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. முளைத்திருக்க வேண்டும். காலையில் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன், வெளிச்சம் சாய்வாக விழும்போது பச்சை தெரியும் என்று கடைக்காரர் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை. ஒரு களை கூட இல்லை, அதுதான் வேடிக்கை. புறா தின்றிருக்கும் என்று டிரைவர் சார் சொல்கிறார். பழைய சி.டி.க்களை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வீடு இப்போது கல்யாண மண்டபம் மாதிரி மின்னுகிறது. புறா வந்து அதையும் ரசித்துவிட்டுப் போகிறது.

நேற்று ஒரு கட்டடத்தில் ஒரு அம்மா ரெண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். நான் மேலேயிருந்து, "பயப்படாதீங்கம்மா, இதோ வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கதவைத் திறந்ததும், "நீ பேசிட்டே இருந்ததாலதான்ப்பா தைரியமா இருந்தேன்" என்றார். குழந்தை போன அந்த மாதத்தில் உன்னிடமும் நான் பேசிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். வேலையைச் செய்தேன், பேசவில்லை.

லி.


செப்டம்பர் 30

உங்கள் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். சி.டி. விஷயத்தை அக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து.

இங்கே பல் கட்டுகிற லேபில் வேலை குவிந்து கிடக்கிறது. ஒரு பெரியவருக்கு மேல் வரிசை முழுக்க மெழுகில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய போட்டோ கொடுத்து, "சிரிச்சா இப்படி இருக்கணும்" என்றாராம். முன்பல் ஒன்று லேசாகக் கோணல். அதையும் அப்படியே கோணலாக வைக்கச் சொல்லியிருக்கிறார்.

பொறுங்கள். சில விதை மெதுவாகத்தான் வரும். கிளறிப் பார்க்காதீர்கள், உங்கள் கை சும்மா இருக்காது என்று தெரியும்.

எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். எனக்கும் அது முளைக்க வேண்டும் போல இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் நினைக்கிறேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

நான்


அக்டோபர் 10

மறுபடி விதைத்தேன். மறுபடியும் ஒன்றும் இல்லை.

பொறுக்க முடியாமல் விதைக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "செத்த விதையைத் தலையில் கட்டிட்டீங்க" என்றேன். கடைக்காரர் கோபிக்கவே இல்லை. அதே மூட்டையிலிருந்து ஒரு கை எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தார். அடுத்த வாரம் கூப்பிட்டுக் காட்டினார். துணி முழுக்க வெள்ளை வெள்ளையாக வேர். அவ்வளவும் முளைத்திருக்கிறது.

"விதை மேல பழி இல்லைங்க. களை வராம இருக்கக் குருணை மருந்து ஏதாவது போட்டீங்களா? அது களை எது, புல் எதுன்னு பார்க்காது. வளர்ந்த புல்லை ஒண்ணும் பண்ணாது, ஆனா முளைவிடுற எதையும் வேர் பிடிக்க விடாது" என்றார். இல்லவே இல்லை என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "பழைய புல்லுக்கு வீட்டுல போடுவாங்க, அவங்க இப்ப இங்க இல்லை" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். நம்பாத முகத்தோடுதான் அனுப்பினார்.

அப்போது மிச்சம் இருப்பது நான்தான். குளிர் வந்துவிட்டது, இனி இந்த வருஷம் விதைக்க முடியாது. டிரைவர் சார் இப்போது வேலிப் பக்கமே வருவதில்லை. என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை போல. என் கை பட்டால் எதுவும் தங்காது என்று மண்ணே சொல்லிவிட்டது, இனி உனக்கு நான் எந்த முகத்தோடு எழுதுவது? இருந்தாலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஊற்றாமல் வீட்டுக்குள் போக மனசு வரவில்லை.

லி.


அக்டோபர் 14

குருணை போட்டது நான்தான்.

அன்றைக்கு வந்தேனே, அப்போது. மண்ணைப் பார்த்தேன். நீங்கள் விதை போட்டிருப்பதும் தெரியும். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இந்த மனுஷனுக்குக் களையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, பிஞ்சுப் புல்லைக் களை வந்து அமுக்கிவிடும், அப்புறம் இவ்வளவு உழைப்பும் வீண் என்று நினைத்தேன். ஷெட்டில் என் பழைய மூட்டை இருந்தது. வருஷா வருஷம் போடுகிற மாதிரியே பலகை மேல் நின்றுகொண்டு சீராகத் தூவினேன். அது கரைந்து இறங்குவதற்குத்தான் தண்ணீர் விட்டேன். புல்லை ஒன்றும் செய்யாது என்றுதான் எனக்குத் தெரியும். விதைக்கு ஆகாது என்று மூட்டையில் போட்டிருக்கலாம், நான் ஒரு நாளும் படித்ததில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் நீங்கள் ஆசையை வளர்த்துக்கொள்வீர்கள் என்று பயந்தேன். வெறும் தண்ணீருக்கே தெருவைக் கூட்டிவிட்டீர்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லதுதானே நினைத்தேன், நல்லதுதானே நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். லேபில் பல் அடுக்கிக்கொண்டிருந்தவள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இதே வார்த்தையைத்தானே நீங்கள் எழுதினீர்கள்? அந்த அறையை நீங்கள் எப்படிக் காலி செய்திருப்பீர்கள் என்று முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. பைத்தியக்காரன் மாதிரி, பிரியத்தோடு, கதவைச் சாத்திக்கொண்டு. நான் அந்தக் குருணையைத் தூவிய மாதிரியே. உங்களைத் திட்டிய வாயால் இப்போது என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

புல் வரட்டும் என்ற நிபந்தனை எல்லாம் வேண்டாம். வந்துவிட எனக்கு மனசு இருக்கிறது. நீங்கள் ஒரு வரி எழுதுங்கள், போதும்.

நான்


அக்டோபர் 29

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. ஷெட்டுக்குப் போய் அந்த மூட்டையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அது சிதறியது, அதை மிதித்தேன். நான் தினமும் மண்ணில் கன்னத்தை வைத்துப் பார்த்தேனே, கடைக்காரரிடம் நாய் மாதிரிக் கத்தினேனே, என் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டேனே என்று வயிறு எரிந்தது. நீ பிரியத்தில்தான் செய்தாய் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நான் உனக்காக உழைத்தது வீணாகக் கூடாது என்று நீயும் அந்த மண்ணில் உழைத்திருக்கிறாய். இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அது தெரிந்தும் கோபம் ஒரு துளி குறையவில்லை. பிரியம் என்று தெரிந்ததில் இன்னும் கூடியது. யாரோ ஒரு விரோதி செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கைப்பிடி விதைக்கே எனக்கு இந்தப் பாடு. நீ துவைத்து மடித்த துணியை நான் மூட்டை கட்டினேன். நீ சுமந்த பிள்ளைக்கு மிச்சமாக இருந்தது அது மட்டும்தான். அதை யாரிடம் கொடுத்தேன் என்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை. இத்தனை நாளும் "புரியவில்லை, புரியவில்லை" என்று உன்னிடம் அடம் பிடித்தேன். இப்போது புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பேன்.

நீ போனது சரிதான். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு வாரம்கூட அந்த வீட்டில் இருந்திருக்க மாட்டேன். நீ ஏதோ இரக்கத்தில், குற்ற உணர்ச்சியில் வருகிறேன் என்கிறாய். வந்தால் தினமும் அந்த அறைக் கதவைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். உன்னை அதில் மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. அதனால் வா என்று எழுதவில்லை. அக்கா வீட்டில் நிம்மதியாக இரு. உன் பச்சைக் கம்பளியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன்.

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

லி.


நவம்பர் 6

பார்சலும் கடிதமும் ஒரே நாளில் வந்தன.

ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துணியைப் பற்றி நீங்கள் எழுதிய ரெண்டு வரிக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, அந்த அறை வாசலில் நின்றபோது நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து அழுதிருப்போம், அதோடு முடிந்திருக்கும். இப்போது சொல்கிறீர்கள். சொன்ன கையோடு, எனக்கு எது நல்லது என்று நீங்களே முடிவு பண்ணி அனுப்பியும் வைத்துவிட்டீர்கள்.

இரக்கத்தில் வருகிறேன் என்று யார் சொன்னது? நான் எழுதினேனா? தபால்காரர் வருகிற நேரத்துக்கு ரெண்டு வாரமாக வாசலில்தான் நிற்கிறேன். லேபில் லீவு சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். புல் இல்லாவிட்டால் என்ன? வெறும் மண்ணாகக் கிடந்தாலும் அதில் கால் வைத்து வந்திருப்பேன்.

இனிமேல் முடியாது. உங்கள் மேல் கோபம் இல்லை. கோபப்படுகிற தெம்பு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் இப்படித்தான், நானும் அப்படித்தான் என்று பார்த்தாகிவிட்டது. ஒருத்தருக்கு ஒருத்தர் நல்லது நினைத்து நினைத்தே இன்னும் எதையெல்லாம் கொல்வோமோ, எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்குப் பதில் வேண்டாம்.

டிக்கெட்டைக் காலையில் ரத்து செய்துவிட்டேன். அக்காவுக்கு எல்லாம் தெரியும். டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள். நான் வேலைக்குக் கிளம்புகிறேன்.